எட்டுப் பேருக்கு இடம்

“வெளியில இருந்து வாற எட்டுப் பேருக்கும் எவ்வளவு குடுக்கப் போறீங்க ஹாஜியார்? தொகையச் சொல்லுங்க. எனக்கு எழுத்தில வேணும்.”

மர்ளியா இன்னும் கதிரையில் உட்காரக்கூட இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்புதான், மாடிப்படியில் வைத்து, அதிபர் றஸீன் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்: “மகள், என்னத்த வேணும்டாலும் கேளுங்க. வீரர் நிதிட கதைய மட்டும் எடுக்க வாணாம்.” அவள் அதைத்தான் முதலில் எடுத்தாள். அதிபர் கண்ணை மூடிக்கொண்டார்.

பழைய மாணவர் சங்கத் தலைவர் முத்தலிபு ஹாஜியார் கையிலிருந்த ரோல்ஸைத் தின்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். களப்போரத்தில் நான்கு இறால் பண்ணை வைத்திருப்பவர். கட்டாரில் இருக்கும் பழைய மாணவர்களிடம் திரட்டி, தன் பங்கையும் போட்டு, கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு ‘வீரர் நிதி’ என்று ஒன்றைத் தொடங்கியவர் அவர்தான். வெளியில் அதற்குப் பெயர் புலமைப்பரிசில். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் எட்டுப் பொடியன்மார் வருவார்கள். உயர்தர வகுப்பு இடாப்பில் பெயர் இருக்கும், வாங்கில் ஆள் இருக்காது. மாதாமாதம் காசை வாங்கிக்கொண்டு பந்து விளையாடுவார்கள்.

“ஏன் மகள், ஒங்களுக்கும் எறங்கி வெளையாட ஆசையா?” என்றார் செயலாளர் இப்றாஹிம். தன் பகிடிக்குத் தானே சிரித்தும் கொண்டார்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“தலைக்கு அம்பதாயிரம். மாசத்துக்கு. போதுமா?” ஹாஜியார் விரலைச் சூப்பினார். “புதுசா வாற பாயிஸ் கோச் எடுத்த எடுப்பில கேட்டதும் இதத்தான். தன்ட சம்பளத்தக் கேக்கல்ல. ‘ஹாஜியார், பொடியன்மாருக்கு எவ்வளவு வெச்சிரிக்கீங்க, அதச் சொல்லுங்க, வாறதா இல்லையாண்டு நான் சொல்றன்’ எண்டார். வெவரமான மனிசன்.”

அவர் கேட்டால் விவரம். இவள் கேட்டால் வாய்க்கொழுப்பு. அந்த விவரமான மனிதர் போன வருடம் வேறொரு கல்லூரியில் இருந்தார். அங்கே நிதி வற்றியதும் விளையாட்டுக்காரர்களையும் கட்டித் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார். மூன்று வருடமாக இந்த அணியைப் பார்த்தவள் மர்ளியா. இருந்த பயிற்றுநர் மாற்றலாகிப் போனதும், விளையாட்டு விஞ்ஞானம் படித்த பிள்ளை சும்மாதானே இருக்கிறது என்று கூப்பிட்டு, மாதம் எட்டாயிரம் ரூபாய் தந்தார்கள். உப்பளத்தில் உப்பு வாரும் வாப்பாவின் மகள் அவள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள்.

அதிபர் அவசரமாக ஒரு கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். உதவிப் பயிற்றுநர் நியமனம். மாதம் நாற்பத்தையாயிரம். அதன் கீழே இன்னொரு தாள் இருந்தது. கடிதம் வேண்டுமென்றால் அதில் அவள் ஒப்பமிட வேண்டும்.

சுற்றுப்போட்டிக்கு இருபத்திரண்டு பெயரைத்தான் பதியலாம். எட்டுப் பேர் உள்ளே வந்தால் எட்டுப் பேர் வெளியே போக வேண்டும். காசு கொடுத்து ஆள் எடுத்தோம் என்று பெற்றோரிடம் சொல்ல முடியுமா? அதனால் அந்த எட்டுப் பேரும் ஓட்டச் சோதனையில் தவறியிருக்க வேண்டும். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. சத்தம் கேட்கும்போதெல்லாம் மறு கோட்டைத் தொட வேண்டும். வர வரச் சத்தம் நெருங்கும். எட்டாம் மட்டத்தைத் தாண்டினால் தேறினான். இன்று காலை ஆறு மணிக்கு அவளே ஓடவைத்த சோதனை அது. அந்தத் தாளில் முடிவுகளோ நேற்றைய திகதியிலேயே தட்டச்சாகியிருந்தன. அணித்தலைவன் றுமைஸின் பெயர்மேல் ஹாஜியாரின் பெருவிரல் எண்ணெய் படிந்திருந்தது.

“றுமைஸ் இண்டைக்குப் பதினோராம் மட்டம் ஓடினான். இதில ஆறு எண்டு கிடக்கு. ஆர் எழுதின?”

“ஒரு சைன்தானே மகள்,” என்றார் அதிபர் மெல்ல.

“கேம்ப் பொடியன்மார்தானே,” என்றார் ஹாஜியார். “அவனுகளுக்கு எங்கயாச்சும் ஒரு டீம் கெடைக்கும்.”

வாப்பா மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு அகதியாய் வந்தது தொண்ணூறில். மர்ளியா பிறந்தது கரைத்தீவில். இன்னும் அந்த ஊர் இவர்களுக்குக் கேம்ப். அவள் எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரிந்தேதான், அவள் முகத்தைப் பார்த்தேதான் அதைச் சொன்னார்.

அவள் தாளின் கடைசிப் பெயரில் விரலை வைத்தாள். “ஸாஜித். அஞ்சாம் மட்டம். இவன் எப்பிடி ஓடினான்?”

“மெதுவா ஓடியிரிப்பான்,” என்றார் இப்றாஹிம்.

“இவன் ஊண்டுகோல்ல நடக்கிறவன். அரையிறுதியில ஒங்கட கல்லூரிக்கு வெளையாடித்தான் கால் முறிஞ்ச. நீங்க மூண்டு பேரும் அண்டைக்கு மேடையில இரிந்தீங்க. அவனத் தூக்கிட்டுப் போகக்குள்ள கை தட்டினீங்க.”

இப்றாஹிமின் சிரிப்பு பாதியில் நின்றது. அதிபர் தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பெயரை முதல்தடவை பார்ப்பவர்போல் பார்த்தார். ஹாஜியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“சரி, பிழைதான். அந்தப் பேர வெட்டிட்டு வேற ஒத்தன்ட பேரப் போடுங்க.”

கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று நினைத்தது அவளுடைய பிழை.

“காலையில எட்டு மணிக்கே பெத்தவங்கட குறூப்பில போட்டுட்டன் ஹாஜியார். ஒவ்வொருத்தன்ட பேர், அவன் ஓடின மட்டம், ஓடக்குள்ள எடுத்த வீடியோ, எல்லாம். தொகைதான் தெரியாம இரிந்திச்சி. அதுக்குத்தான் மேல வந்த. இப்ப அதையும் போடுவன்.”

அதிபர் தடுமாறிப் போனைத் தேடினார். “மகள், இந்த வேலை... வாப்பாக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“சுபஹுத் தொழுகையோடயே சொல்லிட்டுத்தான் வந்த.”

பந்து அறைச் சாவியை நியமனக் கடிதத்தின்மேல் வைத்தாள். காலையிலேயே வளையத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சாவி.

“இந்த ஊர்ல இனி ஒனக்கு ஒரு வேல கெடைக்கா,” என்றார் ஹாஜியார். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது.

“அதையும் எழுத்தில தாங்க,” என்று சொல்லிவிட்டு மர்ளியா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.