தெருமுக்கில் அடித்த ஹாரன்

2001 மாசி மாதத்தில் கோவில்பட்டி மெயின் ரோட்டில் பத்து நாட்கள் ஒரு ஹாரன் சத்தமும் கேட்கவில்லை. அதற்குக் காரணம், இயற்பியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த சுகுணா. ரோட்டுச் சத்தத்தில் அவளுடைய அம்மா ஜானகியம்மாளுக்குத் தலைவலி வந்தால் கண் திறக்க முடியாது. அதற்காகச் சுகுணா ஒரு சிறு பெட்டி செய்தாள். டிரைவர் ஹாரனை அமுக்கினால் சத்தம் வெளியே வராது. வயர் இல்லாமல் காற்றில் போய், முன்னால் போகும் வண்டியின் பெட்டியில் மட்டும் மணிபோல ஒலிக்கும். பஸ், லாரி முதலாளிகள் சோதனைக்கென்று எல்லா வண்டிகளிலும் மாட்டினார்கள்.

மூன்றாம் நாள் பெட்டிகள் மணியை விட்டுவிட்டு, ஹாரன் அடித்தவரின் மனதில் இருந்ததைச் சொல்லத் தொடங்கின. "அண்ணாச்சி, சின்னவளுக்குக் காய்ச்சல், கொஞ்சம் ஒதுங்குங்க" என்று ஒரு டவுன் பஸ்ஸுக்குள் கேட்டது. பஸ் ஒதுங்கியது. "ஏலே, ரோடு என்ன உங்க அப்பன் போட்டதா?" என்றும் கேட்டது. அதற்கும் ஒதுங்கினார்கள். ஊர் இரண்டு நாள் இதைப் பேசியது. பிறகு தீப்பெட்டி ஆபீஸ் கூலி, பருத்தி விலை என்று பழைய பேச்சுக்குத் திரும்பியது.

ஜானகியம்மாளுக்குத் தலைவலி நின்றது. ஆனால் சோறு இறங்கவில்லை. காலை எட்டு மணியானால் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள். பத்து வருடமாக அந்த நேரத்தில் ஒரு தீப்பெட்டி லாரி தெருமுக்கில் நின்று, நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போகும். "பாவிப்பய, எந்தலையப் பொளக்கான்" என்று அவள் தினமும் திட்டுவாள். ஓட்டுபவன் அவளுடைய தம்பி வன்னியபெருமாள். சுகுணா பெரியவளான சடங்குக்குத் தாய்மாமன் மாலை போட வரவில்லை என்று அவனோடு பேச்சு விட்டுப்போயிருந்தது. சடங்குக்கு வரும் தாய்மாமனை அக்காவே தெருமுக்குக்குப் போய், ஆரத்தி எடுத்து அழைத்து வர வேண்டும். அழைக்காமல் அவன் படியேற மாட்டான்.

பத்தாம் நாள் அம்மா சொன்னாள்: "ஏட்டி, உன் பெட்டியெல்லாம் கழட்டிரு. எனக்குத் தலவலியே தேவல."

முதலாளிகளிடம் போய்ச் சொல்லச் சுகுணாவுக்குக் கூச்சம். முதலில் செய்து பார்த்த பெட்டி அடுக்களை அலமாரியில் கிடந்தது. மாமாவின் ஹாரன் அம்மாவுக்கு மட்டும் கேட்கட்டும் என்று அதில் பேட்டரி போட்டு வைத்தாள். மறுநாள் எட்டு மணிக்கு லாரி தெருமுக்கில் நின்றது. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. அலமாரி பேசியது.

"யக்கா, வந்துட்டேன். கூப்பிட வா."

ஜானகியம்மாள் கரண்டியோடு ஓடி லாரியை மறித்தாள்.

"பத்து வருசம் கழிச்சு வந்துட்டேங்கியோ? அன்னைக்கு எங்கல போன?"

வன்னியபெருமாள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கும் இங்கனதாம்க்கா நின்னேன். மாலையோட. நீ கூப்பிட வருவேன்னு ஆரன் அடிச்சேன். மைக் செட்டு சத்தத்துலயும் பஸ்ஸு சத்தத்துலயும் ஒனக்குக் கேக்கல. மால வாடுத வரைக்கும் அடிச்சேன்."

அவள் கரண்டியை இடுப்பில் செருகினாள். "எறங்காத. அங்கனயே இரு. மஞ்சத்தண்ணி கரைச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் ஆரன் அடிலே."

அவன் அடித்தான். பெட்டி மாட்டியிருந்தும் சத்தம் வெளியே வந்தது. ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.