திருவக்கரைக்குக் கொண்டுபோன பேட்டரி

விருத்தாசலம் என்பவருக்கு விழுப்புரம் ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கிற வேலை. வீட்டில் சொந்தமாக ஹாம் ரேடியோ வைத்திருந்தார். சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. கல்யாணமான புதிதில் மனைவி ஜெயத்துக்கும் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டக் கற்றுக்கொடுத்தார். அவளும் பரீட்சை எழுதித் தேறியபோது ஸ்டேஷன் முழுக்க மிட்டாய் கொடுத்தவர் அவர்தான்.

அந்தப் பெருமை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. திண்டிவனத்தில் ரைஸ்மில் வைத்திருந்த மாசிலாமணியும் ஒரு ஹாம். தினமும் சாயங்காலம் அவர் இவரைக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை முடிவதற்குள், "அம்மா இல்லையா?" என்று கேட்பார். கொழும்பிலிருந்து பேசுகிற ஒரு ஹாமும் அதையே கேட்டான். ஜெயத்தின் கை அவ்வளவு சுத்தம். இவர் தட்டினால் தந்தி. அவள் தட்டினால் பேச்சு.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசிப் பௌர்ணமிக்கு இருவரும் திருவக்கரை போனார்கள். அனுமதி வாங்கி, ரேடியோவையும் ஒரு பழைய கார் பேட்டரியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து பேசிப் பார்க்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. கோயிலைத் தாண்டி ஆற்றங்கரை மேட்டில் புளியமரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டினார்.

"பேட்டரி எம்மா நேரம் வருங்க?" என்று கேட்டாள் ஜெயம்.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாற்பது ஆம்பியர்-மணி பேட்டரி. கேட்கும்போது இரண்டு ஆம்பியர் இழுக்கும், தட்டும்போது எட்டு. ஆனால் பெரும்பாலும் கேட்கத்தானே போகிறோம். பழசு என்று பாதியைக் கழித்தாலும் ஐந்து மணி நேரம் தாராளமாக வரும்.

முதலில் அவர் கூப்பிட்டார். மாசிலாமணி கிடைத்தார். வணக்கம் சொன்ன கையோடு, "அம்மா வந்திருக்காங்களா?"

விருத்தாசலம் ஹெட்போனைக் கழற்றினார். "பேட்டரி படுத்துக்கினு இருக்கு ஜெயம். இன்னும் பத்து நிமிஷம் வந்தா பெருசு. நிறுத்திடலாம்."

அவள் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கட்டுச்சோற்றைப் பிரித்தபோது ஆற்றுப் பக்கம் கூச்சல் கேட்டது. செஞ்சிப் பக்கம் பெய்த மழைக்குத் திடீரென்று வெள்ளம். நடு ஆற்றுத் திட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, மாட்டிக்கொண்டது. நீந்திப் போன இருவரை வெள்ளம் திருப்பி அடித்தது.

ஜெயம் ரேடியோவிடம் ஓடினாள். "தந்தி அடிக்கிறவரு நீங்க, நீங்களே தட்டுங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு, நான் தட்டிப் பாழாக்கிடப் போறேன்."

அவர் தட்டினார். பதற்றத்தில் புள்ளியும் கோடும் ஒன்றோடொன்று கலந்துபோயின. மாசிலாமணிக்குப் புரியவில்லை. 'திரும்பச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள்' என்றே பதில் வந்தது. திட்டில் இருந்த பெண் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நீ உக்காரு," என்றார் விருத்தாசலம். "பேட்டரியில நெறைய இருக்கு. நான்தான் பொய் சொன்னேன்."

"எதுக்குங்க?"

"அவன் ஒன்னையே கேக்குறான். எரியுது எனக்கு."

ஜெயம் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தட்டினாள். மாசிலாமணி உடனே பிடித்துக்கொண்டு தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டார். எந்தக் கரையில் வண்டி வர வேண்டும், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஜெயம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் கயிறும் லாரி டியூபுமாக வந்து, குழந்தை உட்பட எல்லோரையும் கரை சேர்த்தார்கள்.

அந்தத் தாய் ஜெயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் ரேடியோவையும் ஜெயத்தையும்தான் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற விருத்தாசலத்துக்கு நெஞ்சில் மறுபடி அதே எரிச்சல் கிளம்பியது. இந்த நேரத்திலுமா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது, ஆனாலும் எரிந்தது.

திரும்பும்போது பஸ் மயிலத்தைத் தாண்டியதும் ஜெயம் சொன்னாள்:

"எரிஞ்சா எரியுதுன்னு சொல்லிடுங்க. கணக்க மட்டும் மாத்தாதீங்க."

"எரியுது," என்றார் அவர்.

"தெரியுது," என்று சொல்லிவிட்டு, அவர் மடியில் கனத்துக் கிடந்த பேட்டரியின் ஒரு பக்கத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.