வெட்டிய ஓரம்

கடலடி சிரித்தால் ஸ்தேஃப்காவுக்குப் பிடிக்காது. ஒலியைக் கீழே அனுப்பித் தரையைப் படமாக்குவது அவள் வேலை. தண்ணீரில் ஒலியின் வேகத்தைத் தப்பாகக் கணக்கு வைத்தால், திரையில் தரையின் இரண்டு ஓரமும் மேலே வளைந்து பல்லை இளிக்கும். வர்னாவிலிருந்து கிளம்பும் அந்த ஆய்வுக் கப்பலில் அதற்குச் 'சிரிப்பு' என்று பெயர். சிரித்த ஓரத்தை வெட்டிவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

இன்று தரை சிரிக்கவில்லை. கருங்கடலின் சரிவில் மண் எங்கே பெயர்ந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள், வேகம் அளக்கும் கருவியை முறையாக இறக்கி அளந்திருந்தார்கள். சேற்றின் மேல் ஒரு படகு சாய்ந்து கிடந்தது.

"கேமராவ இறக்கிப் பாத்துடலாம்," என்றார் நிலவியலாளர் டாக்டர் கல்ச்சேவ். "ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

காற்று எட்டாத அந்த ஆழத்தில் எதுவும் எளிதில் அழுகாது. பாழாய்ப்போன கடல் பெயின்ட்டைக்கூட விட்டுவைத்திருந்தது. இறக்கிய கேமராவில் தெரிந்த படகின் கதவில், அவள் புருஷன் யாவோர் கோணலாக எழுதிய மகளின் பெயர், இஸ்க்ரா. கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்று தெரிந்தது. சட்டை காலியாக இல்லை.

கல்ச்சேவ் தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, இங்கதானேம்மா தேடினோம்!"

தேடினார்கள்தான். மூன்று குளிர்காலத்துக்கு முன், படகு திரும்பாத அந்த வாரம், அவள்தான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்: "கருவிய இறக்கறேன்னு கப்பல நிறுத்தாதீங்க டாக்டர், போய்க்கிட்டே இருங்க." தான்யூப் ஆற்றுத் தண்ணீர் கடலில் கலந்து ஒலியின் வேகம் மாறியிருந்த நேரம். தரை இளித்தது. அவளே வெட்டினாள். நடுவில் ஒன்றும் இல்லை.

இப்போது, வெட்டுவதற்கு முந்தைய பழைய பதிவைத் திறந்தாள். வெட்டிய ஓரத்தில், வளைந்துபோய், படகு இருந்தது.

அன்று ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் துறைமுகத்துக்கு வாய் நீண்டது. யாவோர் படகை அடுத்த நாட்டுக் கான்ஸ்டன்ட்சாவில் விற்றுவிட்டு எவளோடோ இருக்கிறான் என்றார்கள். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் அவனோடு சண்டை போட்டிருந்த ஸ்தேஃப்காவும் அதை நம்பித் தொலைத்தாள். செத்தவர்களுக்கு வேகவைக்கும் கோதுமையை ஒருமுறைகூட அவள் வேகவைக்கவில்லை. ஓடிப்போன மனுஷன் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று மகளையும் அடக்கி வைத்திருந்தாள்.

"அன்னிக்கே பாத்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா," என்றார் கல்ச்சேவ்.

"காப்பாத்தறதா? அங்க கெடந்தவர மூணு வருஷமா நாக்கு கூசாமத் திட்டினேனே டாக்டர்!"

மற்றவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்று கப்பல் போனிலிருந்து அவளே மகளைக் கூப்பிட்டாள்.

"இஸ்க்ரா... அப்பாவக் கண்டுபிடிச்சுட்டோம்."



"நெஜமாவாம்மா? எந்த ஊர்ல இருக்காரு? அம்மா, நீ எடுத்ததும் திட்ட ஆரம்பிச்சுடாத. மொதல்ல வீட்டுக்கு வரட்டும்."