ஊசி தாண்டும் இடம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரே ஒரு வரிதான் நிஜம். பங்காருபேட்டை ஸ்டேஷனில் கிதாரைத் தோளில் மாட்டியிருந்த ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம், "எங்க ஊட்ல அந்தப் பாட்டு வேற மாதிரிடா," என்றான். அழுது முடித்த முகம். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தங்கத்தைக் கொடுத்த பூமி ஒருநாள் மனிதர்களை—'

சீச்சீ. கோலார் தங்கவயல் என்று எழுத உட்கார்ந்தாலே இந்தப் பூமி வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வேண்டாம். குணசுந்தரியிடமிருந்து தொடங்குவோம்.

2

குணசுந்தரிக்குத் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு லைன் வீடு. கணவன் வேலு சுரங்கத்தில் இறந்தபோது மகன் சித்தார்த்தன் கைக்குழந்தை. வேலு விட்டுப்போனவை ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரே ஒரு இங்கிலீஷ் இசைத்தட்டும். ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டிய ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கியது. அட்டையில் நாலு சடைமுடிக்காரர்கள் எரிகிற பியானோமேல் உட்கார்ந்திருப்பார்கள். போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

[அந்தக் குழுவுக்கு மூன்று பெயர் யோசித்தேன். மூன்றும் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தன. பெயரில்லாமலே போகட்டும்.]

சித்தார்த்தன் அந்தத் தட்டைக் கேட்டுத்தான் கிதார் கற்றான். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு. கிதார் மேலே மேலே ஏறிப்போகும். உச்சியைத் தொடும் நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே பாடகனின் குரல். அவனும் அப்படியே வாசித்தான், 'டக்'குக்குக் காலால் தரையைத் தட்டி.

*அந்த 'டக்' கீறலில் ஊசி தாண்டும் சத்தம் என்று கூடவா தெரியாது என்கிறார், இதைப் படித்துப் பார்த்த என் நண்பர். எப்படித் தெரியும் ஐயா? பிறந்ததிலிருந்து அவன் கேட்டது அதைத்தான். ஊரில் வேறு பிரதி கிடையாது.*

3

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். சித்தார்த்தனுக்கு நம்புவதற்கு இருந்தது அந்தக் கிதார் மட்டும்தான். பெங்களூரில் ஒரு பப்பில் தினமும் வாசிக்கும் குழுவுக்கு ஆள் தேவை என்று தெரிந்தது. போனான்.

குழுத் தலைவன் வினய். சித்தார்த்தன் அந்தப் பாட்டைச் சொன்னதும் துள்ளிக் குதித்தான். "அய்யோ குரு, அந்த ஆல்பம் தெரிஞ்ச ஆளு ஊர்ல நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்!"

எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள். கிதார் ஏறியது. சித்தார்த்தன் காலைத் தட்டிவிட்டுத் தாண்டினான். மற்றவர்கள் தாண்டவில்லை.

"நடுவுல அரை நிமிஷம் எங்கப்பா போச்சு?" என்றான் வினய்.

"பாட்டே அப்டித்தாண்ணா."

யாரோ சிரித்தார்கள். வினய் சிரிக்கவில்லை, தன் கேசட்டைப் போட்டுக் காட்டினான். அந்த அரை நிமிடத்தில்தான் பாட்டின் உயிரே இருந்தது. சித்தார்த்தன் திரும்ப வாசிக்கப் பார்த்தான், விரல்கள் பழைய இடத்திலேயே தாண்டின. மறுபடி முயன்றான், மறுபடி தாண்டின. சாயங்காலம் வேறொருவனை எடுத்துக்கொண்டார்கள்.

4

இங்கேதான் எனக்குக் குணசுந்தரிமேல் சந்தேகம் வந்தது. இவளுக்குத் தெரிந்திருக்குமே? வேலுவோடு சேர்ந்து முழுப் பாட்டையும் கேட்டவள்தானே? பிள்ளை தப்பாகக் கற்றுக்கொள்வதை இத்தனை வருஷம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள்?

அவள் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடும். அடிக்கடி நடப்பதுதான். வேலு உள்ளே இறங்கியிருந்த அன்றைக்கும் வீடு ஆடியது; அவள் அந்தத் தட்டைப் போட்டிருந்தாள். ஊசி தட்டின்மேல் இழுத்துக்கொண்டு ஓடியது. குணசுந்தரி 'த்சொ' கொட்டி, ஊசியை எடுத்து அடுத்த வரியில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதியது கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பார்வதம்மா வந்து கதவை இடித்தபோது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி கூத்து இது! உன் ஊட்டுக்காரரத் தூக்கினு வந்துட்டாங்க. குணா எங்க, குணா எங்கன்னு கேட்டுகினே கீறாரு!"

ஓடினாள். ஆட்களை மேலே கொண்டுவரும் கேஜ் வாசலில் அவன் கேட்பதை நிறுத்தியிருந்தான்.

பாறைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம், அவள் முன்னாடியே வந்திருந்தாலும் அவன் பிழைத்திருக்கமாட்டான் என்று ஒரு பத்தி எழுதினேன். அவளுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

5

முடிவு ஒன்று: வினய் ஃபோன் பண்ணி—

எந்த ஃபோன்? அந்த வீட்டில் ஃபோன் கிடையாது.

முடிவு இரண்டு: குணசுந்தரி அந்த அரை நிமிடத்தை வாயாலேயே பாடிக் காட்டுகிறாள், மகன் கண்ணீரோடு— போதும், போதும். இதை எழுதிய கையை உடைக்கவேண்டும்.

நடப்பது இதுதான். சித்தார்த்தன் வீட்டுக்கு வந்து, தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறான். அந்தப் பாட்டு இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது.

"ம்மா, இது கீறிக்கீது."

அவள் அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

"யாரு கீறினதும்மா? இது இல்லாங்காட்டி எனுக்கு அந்த வேல கெடச்சிருக்கும்."

அவள் நாக்கில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. நிஜத்தைச் சொன்னால் அவன் அடுத்த கேள்வி கேட்பான், அதற்கடுத்த கேள்வியும் கேட்பான், கடைசியில் கேஜ் வாசலுக்கு வந்து நிற்பான். மற்றது ரொம்பச் சுலபம்: "நீதான்டா. சின்னப்புள்ளயில ஊசியப் புடிச்சி இழுத்துட்ட." இதைச் சொன்னால் அவன் நம்பிவிடுவான். தன் வாழ்க்கையைத் தானே கீறிக்கொண்டோம் என்று சாகும்வரை நம்புவான்.

எழுதவேண்டிய ஆள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவளோடு இத்தனை நாள் இருந்துவிட்டேன். பேனா என் கையில் இருந்தால் இவளைக் காப்பாற்ற 'நீதான்டா' என்றே எழுதிவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். அவன் கேட்டுவிட்டு நிற்கிறான், அவள் வாயைத் திறக்கிறாள்.