இருநூத்திப் பதிமூணாம் நம்பர் சிடி

வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று. இரண்டும் காசில்லாமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளும் மென்பொருள்கள்தான். இரண்டுமே சிடியில் இருக்கும் பாட்டை ஒரு துளி ஒலிகூடக் குறையாமல் கம்ப்யூட்டரில் கோப்பாக ஏற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டன. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க மணிவண்ணனுக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. ஒரே சிடியை வேகமானதில் இரண்டு தடவை ஏற்றி இரண்டு கோப்பையும் ஒப்பிட்டான். ஒத்துப்போகவில்லை. கீறல் வந்த இடத்தில் கைக்கு வந்ததைப் போட்டு ரொப்பிவிட்டு, 'முடிந்தது, நூறு சதவீதம்' என்று பல்லைக் காட்டியது அது. மெதுவானது அப்படி இல்லை. கீறலைக் கண்டால் நின்றது, அதே இடத்தை எண்பது தடவை படித்தது, முடியாவிட்டால் முடியவில்லை என்று சிவப்பில் சொன்னது.

கடலூர் முதுநகரில் ஆறு வருஷம் ஐஸ் பார் தூக்கிய தோள் அவனுக்கு. பிரவுசிங் சென்டரில் ஓசியில் உட்கார்ந்து கற்ற கம்ப்யூட்டர்தான் அவனைச் சிதம்பரத்தில் இந்த அறக்கட்டளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. அதுவும் தினக்கூலிக்கு.

வயலிலும் குப்பத்திலும் பெண்கள் பாடிய ஒப்பாரி, தாலாட்டு எல்லாம் முந்நூற்று நாற்பது சிடியாக அங்கே இருந்தன. ஆபீஸ் உதவியாள் கொளஞ்சி வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அத்தனை சிடிக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்து, மறுநாள் வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்து அடுக்கியிருக்கிறார். பொட்டு வைத்தது முழுக்க மினுமினுக்கிற பக்கத்தில்.

"ஏன் மாமா, எழுத்து இருக்கிற பக்கம் வெச்சா ஆகாதா?"

"பளபளன்னு இருக்கிறதுதானடா மொகம்? மொகத்த உட்டுட்டு முதுகுலயா பொட்டு வெப்பாங்க?"

அஞ்சு வருஷத்துப் பொட்டும் துடைப்பும் ஒவ்வொரு சிடியிலும் வட்ட வட்டமாகக் கீறியிருந்தன.

செயலாளர் வைத்திலிங்கத்திடம் மெதுவான மென்பொருளைப் பற்றிச் சொன்னபோது அவர் கணக்குக் கேட்டார்.

"ஒரு சிடிக்கு எவ்ளோ நேரம்?"

"கீறல் இருந்தா நாலு மணி நேரம் சார்."

"இன்னொன்னு?"

"ஆறு நிமிஷம். ஆனா அது பொய்யி சார்."

"பாட்டு கேக்குதா இல்லியா?"

"கேக்குது."

"அப்பறம் என்னாய்யா பொய்யி? ஒண்ணாந்தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் ஹார்ட் டிஸ்க்கோட மெட்ராஸ் போறேன். ஏத்தி முடிச்ச சிடிய அன்னன்னைக்கு ஒடச்சி சாக்குல போட்டுடணும். வெளில போச்சுன்னா எவனாவது காப்பி போட்டு வித்துருவான்."

உடைக்கிற வேலை கொளஞ்சிக்கு. லிஸ்டில் டிக் விழ விழ, முழங்காலில் வைத்து ரெண்டாக முறிப்பார். சாயங்காலம் வெளியே போகும்போது மணிவண்ணனின் பையையும் தடவிப் பார்ப்பார். "தப்பா நெனைக்காத மாப்ள, சார் சொன்னது" என்பார்.

முந்நூற்று நாற்பதில் இரண்டு அவன் குப்பத்தினுடையது. பிச்சாவரத்துக்குக் கிழக்கே இருந்த குப்பம். 212 அவன் அம்மா இருசம்மாள். 213 மலர்க்கொடி. 2004 ஆடி மாசத்தில் பதிவு பண்ணியது. அந்த மார்கழியில் கடல் ஏறி வந்தபோது இரண்டு பேருமே போய்விட்டார்கள். வீட்டோடு போட்டோவும் போயிற்று. மிச்சம் இருந்தது குரல்தான்.

மலர்க்கொடியின் அக்கா ராஜாமணி சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். விஷயம் தெரிந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மலரு தொண்டைய எனக்கு எடுத்துக் குடுத்துர்றா மணி. பழுதில்லாம எடு."

"எடுக்குறேன்க்கா. சத்தியமா."

மற்ற முந்நூற்று முப்பத்தெட்டையும் வேகமானதில் தள்ளினான். புவனகிரிப் பக்கம், பெண்ணாடம் பக்கம், எவளோ பெற்ற பெண்கள். மனசு குத்தத்தான் செய்தது. கடைசி நாள் முழுவதையும் இந்த இரண்டுக்கென்று ஒதுக்கிக்கொண்டான். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு ஒன்று, பன்னிரண்டிலிருந்து நாலு இன்னொன்று. கரண்ட் போவது காலை ஆறிலிருந்து எட்டு வரைதானே என்று இருந்துவிட்டான். மாசம் பிறந்தால் அந்த நேரம் மாறும் என்பது ஞாபகத்தில் இல்லை.

ஒண்ணாந்தேதி எட்டு மணிக்கு அம்மாவின் சிடியைப் போட்டான். பத்து மணிக்குப் பாதி ஏறியிருந்தபோது மின்விசிறி நின்றது, திரை கறுத்தது.

"மாசம் பொறந்துருச்சில்ல, இனிமே பத்துலேருந்து பன்னெண்டு" என்றார் கொளஞ்சி, விசிறி மட்டையைத் தேடிக்கொண்டே.

பாதியில் நின்றதை மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது. அஞ்சு மணிக்குள் ஒன்றுதான் முடியும். இரண்டு சிடியையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராஜாமணிக்குச் செய்த சத்தியம் ஞாபகம் இருந்தது. இருந்தும் 212ஐத்தான் உள்ளே தள்ளினான்.

நாலேகாலுக்கு ஒரு சிவப்புக்கூட இல்லாமல் முடிந்தது. 213க்கு ஆறு நிமிஷம். நூறு சதவீதம். கொளஞ்சி இரண்டையும் சேர்த்தே முறித்தார்.

வைத்திலிங்கம் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போன கையோடு ராஜாமணி வந்தாள். மீன் நாத்தம் என்று கொளஞ்சி வாசலிலேயே மறித்தார்.

"எந்தங்கச்சி பாட்டு நாறல, நான் வந்தா நாறுதா? தள்ளுய்யா."

மணிவண்ணன் கம்ப்யூட்டரில் தனக்கென்று விட்டு வைத்திருந்த கோப்பைத் திறந்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். கண்ணை மூடிக் கேட்டாள். முகம் இளகியது. பிறகு புருவம் சுருங்கியது.

"என்னாடா இது, நடுநடுவுல அறுந்து அறுந்து போவுது? எம்புருசன் செத்தன்னிக்கி ஒரே மூச்சுல இழுத்தவடா அவ. இந்த இடத்துல விக்குறாளே?"

மென்பொருள் ரொப்பிய இடம் அது. அவனுக்குத் தெரியும்.

"பதிவு பண்ணப்பவே அப்பிடித்தான்க்கா" என்றான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான்தான். அன்னிக்கி அவளுக்குக் காச்சலு. வர்லக்கான்னா. நான்தான் ஏந்திருடி, பேரு வரும்னு இழுத்துக்கினு போனேன்." முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "ஒடம்பு முடியாமத்தான் பாடிருக்கா பாவி. எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"விடுக்கா."

"ஒங்கம்மாது போடு. அதயாவது நல்லா கேப்போம்."

மவுஸின் மேல் அவன் கை இருந்தது. போட்டால் இருசம்மாள் ஒரு பிசிறு இல்லாமல் பாடுவாள். ஒரே நாளில், ஒரே மைக்கில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய இரண்டு பேர். ராஜாமணி மீன் விற்கிறவள், செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் மீன் என்று சொல்லிவிடுவாள்.

"அதுவும் இப்பிடித்தான்க்கா. இன்னும் மோசம். கேக்க முடியாது."

"ஐயோ, ஒனக்கும் இதே கதிதானா?"

அவள் அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "அழுவாதடா. நமக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் அழவில்லை. இனி குப்பத்துக்காரர் எவர் முன்னாலும் அம்மாவின் பாட்டைச் சத்தமாக வைக்க முடியாது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.