ஏழு கிலோ

பார்சல் ஆபீசில் காலமெல்லாம் எடை போட்டு ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர்தான். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார். தப்பினால் மூட்டையின் மேல்தான் கோபப்படுவார். அப்பேர்ப்பட்டவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால், மகள் இருக்கும் நாட்டுக்கே குடிபோவதென்று முடிவானதும் பெட்டி தூக்கும் வேலை மனைவியின் தலையில் விழுந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இருபது கிலோ. ஒரு முழு வீட்டை அதற்குள் அடக்கியாக வேண்டும். வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்று மகளிடம் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவளே அவள்தான். திடீரென்று ஒருநாள், "போயிடலாங்க. உங்களத் தனியா விட்டா வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது" என்று ஒற்றைக்காலில் நின்றாள். தனியாக விடும் பேச்சு இப்போது எங்கிருந்து வந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டிலிருந்த எடை மெஷினில் பெட்டியை வைத்தால் எண் மறைந்துவிடும். ஆகவே அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெஷினில் ஏற வேண்டும், அவர் எண்ணைப் படித்து அதில் அவள் எடையைக் கழிக்க வேண்டும் என்று ஏற்பாடு. காலி டப்பாவை முதலில் எடை போடு என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி.

"முதல்ல நீ மட்டும் ஏறு."

"என்ன இன்னைக்குத்தான் புதுசாப் பாக்கிறீங்களா? அறுபத்திரண்டு. கல்யாணத்துக்கப்புறம் ஏறினது, இன்னும் இறங்கல" என்றாள் அவள். தராசுக்காரர் சிரித்துவிட்டார். ஆயுசில் ஒருமுறை அரிச்சுவடியை விட்டார், அது அன்றைக்குத்தான்.

கழித்துப் பார்த்தால் பெட்டியில் எப்போதும் இடம் மிச்சமிருந்தது. "பாத்தியா, இன்னும் கொள்ளும்!" என்று அவருக்கு ஒரே குஷி. ஆபீசில் பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்த பித்தளை எடைக்கற்கள் போயின. அவர் தலையணை போயிற்று. அது இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவள் பெட்டியோடு ஏறி நின்று மூச்சிரைத்தாள்.

"இருபது கிலோவுக்கா இப்படி மூச்சு வாங்குற?"

"வயசாகுதுல்ல."

தன் புடவைகளை அவள் பக்கத்து வீட்டுக்காரிக்கும் வேலைக்கு வந்த பெண்ணுக்கும் அள்ளிக் கொடுத்தபோது மட்டும் அவருக்கு உறுத்தியது. கேட்டதற்கு, "அந்தக் குளிர்ல புடவை கட்டி நான் யாருக்குக் காட்டப்போறேன்?" என்றாள். பெண்பிள்ளை விவகாரம், நமக்கென்ன என்று அவர் விட்டுவிட்டார். கண்ணாலேயே எடை சொல்கிற மனுஷருக்கு, பக்கத்தில் படுத்தவளின் ரவிக்கை தொளதொளத்தது தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகத்தை யார்தான் பார்க்கிறார்கள்?

விமான நிலையத்தில் ஒரு போர்ட்டர் முதல் பெட்டியைத் தூக்கி வைத்தார். இருபத்தேழு. இரண்டாவது பெட்டியும் இருபத்தேழு.

"ஏழு ஏழு கிலோ கூட இருக்கு சார். எடுத்துடுங்க" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

தராசுக்காரருக்குச் சுருக்கென்றது. "ரெண்டுலயும் சொல்லிவச்ச மாதிரி அதே ஏழா? பொருள்ல தப்புன்னா பெட்டிக்கொரு மாதிரி வரும்மா. எல்லாத்துலயும் ஒரே அளவு தப்பு வந்தா, அது தராசோட தப்பு. இத்தனை வருஷம் எடை போட்டவன் சொல்றேன்."

"மெஷின் சரியாத்தான் சார் இருக்கு."

"அதையும் பாத்துடலாம். என் வீட்டுக்காரி அறுபத்திரண்டு கிலோ. ஏறட்டும், அறுபத்தொன்பது காட்டலன்னா என்னைக் கேளுங்க!"

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "எடுத்துடலாம். எதுக்கு வம்பு?"

"நீ சும்மா இரு. ஏறு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பின்னால் வரிசை நின்றது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படியில் கால் வைப்பவள்போல் மெல்ல ஏறி நின்றாள்.

ஐம்பத்தைந்து.

தராசில் தப்பில்லை. பெட்டியில் கூடியிருந்த அதே ஏழு கிலோ அவளிடம் குறைந்திருந்தது. காலி டப்பாவைத்தான் அவர் எடை போடவில்லை.

அவள் இறங்கி அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள். "உங்க கணக்கு தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். எப்படிங்க சொல்றது?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இனிமே வைத்தியத்துல ஒண்ணுமில்லன்னுட்டார். உங்கள நம்ம பொண்ணுகிட்ட சேத்துட்டாப் போதும்னு இருந்தேன். சொன்னா நீங்க கிளம்பியிருக்க மாட்டீங்க."

அவருக்குக் கோபப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. குனியக் கூடாது என்ற முதுகை மறந்து தரையில் உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்தார். அவர் கம்பளிச் சட்டைகள். அவர் மருந்துகள். வெந்நீர்க் கெட்டில், எந்தப் பொத்தானை அழுத்துவதென்று அதன் மேல் அவள் கையால் ஒட்டிய சீட்டோடு. அவர் போர்வை, அவர் தலையணை, அவர் கற்கள். இரண்டு பெட்டியையும் அடிவரை துழாவியதில் அவளுடையதென்று மாற்றுப் புடவை இரண்டுதான் கிடைத்தது.

"உன் சாமான் எங்கடி?"

"எனக்கு இது போதுங்க."

அவர் கற்களை எடுத்து வெளியே வைத்தார். கம்பளிச் சட்டையை எடுத்தார். "ஐயோ, குளிருங்க அங்க" என்று அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. தலையணையை எடுத்தார், போர்வையை எடுத்தார். போர்ட்டர் பெட்டிகளை மறுபடி ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"போதும் சார், சரியாயிடுச்சு. மூடிடுங்க" என்றாள் கவுன்ட்டர்ப் பெண்.

தராசுக்காரர் காதில் அது விழவில்லை. அவர் தன் சாமான்களை எடுத்து வெளியே வைத்துக்கொண்டே இருந்தார்.