வேலியோரம் கருகிய புல்

சீட்டைப் பிரித்துப் பார்த்தால் என் ஓரகத்தியின் தோட்டம். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் இருமவேண்டியிருந்தது.

எங்கள் தீவில் மருந்தடிக்காமல் காய் விளைவிக்கிறவர்கள் மொத்தமே ஏழு பேர். வெளியிலிருந்து அதிகாரியைக் கூட்டிவந்து தோட்டத்தைக் காட்டிச் சான்றிதழ் வாங்குமளவுக்கு எங்களுக்கு வசதி இல்லை. அதனால் எங்களுக்கு நாங்களே போலீஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி, ஒருவர் தோட்டத்தை மற்றவர்களில் மூன்று பேர் போய்ப் பார்க்கவேண்டும். மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் வாசல் கேட்டில் பச்சை போர்டு நிற்கும். போர்டு இருந்தால்தான் ஆஸ்பத்திரிச் சமையலறை காய் வாங்கும். வாரம் அறுபது கிலோ. அதில் பதினைந்து கிலோ என்னுடையது. மூன்று வருஷம் நாயாய் அலைந்து பிடித்த ஆர்டர் அது. அதற்கு முன்னால் தீவு ஜனங்கள் எங்கள் காயை வாயாரப் புகழ்ந்துவிட்டு, படகில் வரும் காயைப் பை நிறைய வாங்கிக்கொண்டு போவார்கள். புகழ்ச்சியை வைத்து யார் விதை வாங்குவது?

ஓரகத்திக்கு வருகிறேன். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். அண்ணன் கப்பலில் வேலை. வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். மாமனார் போன பிறகு நிலத்தை இரண்டாக அளந்து நடுவில் கம்பி வேலி போட்டார்கள். ஐந்து வருஷமாக நான் சாணியும் சருகும் சுமந்து நிரப்பிய எருக்குழி அவள் பக்கம் போய்விட்டது. "அளந்தவங்க கோடு போட்ட எடம். நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இரண்டு வருஷம் ஆகிறது.

சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் அவள் தோட்டத்துக்குப் போனோம். ஒருவர் எங்கள் குழுவின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வுபெற்று இப்போது பீன்ஸ் போடுகிறார். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். இன்னொருவர் காளான்காரர். சாது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் கட்சி.

"டீச்சர், அந்தம்மாகிட்ட கேளுங்க, உரம் எங்க வெச்சிருக்காங்கன்னு" என்றேன்.

"கொட்டகையில இருக்குன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் அவள், என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

காளான்காரர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டகையைத் திறந்து காட்டினாள். வேப்பம் புண்ணாக்கு, மக்கிய எரு, சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்த வாளிகள். கத்தரி இலைகளில் புழு கடித்த ஓட்டைகள் இருந்தன. எங்கள் தொழிலில் அது நல்ல அடையாளம். கறிவேப்பிலைச் செடியைக்கூட நான் விடவில்லை, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியாக வேலியோரம் போனோம். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அங்கேதான் கண்ணில் பட்டது. பத்தடி நீளத்துக்குப் புல் வெளுத்துக் கருகிக் கிடந்தது. பிடுங்கிப் போட்ட புல் படுத்துக் கிடக்கும். வெயிலில் காய்ந்ததென்றால் மற்ற இடத்திலும் காய்ந்திருக்கும். இது நின்ற நிலையிலேயே செத்திருந்தது. பக்கத்தில் இரண்டு வரிசை வெறும் மண்.

"டீச்சர், இது என்னன்னு கேளுங்க."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. குழந்தைக்குக்கூடக் கசப்பு மருந்தை இனிப்பு என்று சொல்லிக் கொடுக்கத் தெரியாதவள்.

"வெந்நீர் ஊத்தினேன் டீச்சர். களை போகும்னு."

"வெந்நீர் ஊத்தினா நாலே நாள்ல மறுபடி முளைக்கும். இது எத்தன நாளாச்சுன்னு கேளுங்க."

"மூணு வாரம்" என்றாள் மண்ணைப் பார்த்து.

"மூணு வாரமா ஒரு துளிர்கூட வரலையாம். எழுதிக்கோங்க டீச்சர்."

டீச்சர் குனிந்து ஒரு புல்லை இழுத்துப் பார்த்தார். "இந்த ரெண்டு வரிச எங்கம்மா?"

"பூச்சி விழுந்துடுச்சு. பிடுங்கிட்டேன்."

டீச்சர் நோட்டை மூடினார். "நாளைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கூட்டம் இருக்குல்ல, அங்க பேசிக்கலாம். மூணு கையெழுத்தும் விழலன்னா போர்டு போயிடும். தெரியுமில்ல?"

அவள் தலையாட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

நான் வீட்டுக்குக் கால் தரையில் படாமல் வந்தேன். வலிக்கிற முட்டிகூட வலிக்கவில்லை. என் கணவர் படகுத்துறையில் கயிறு கட்டுகிற வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"வெந்நீராம். காது குத்தறதுக்கு நான்தான் கெடச்சேனா?"

அவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"அது வெந்நீர் இல்ல" என்றார். "நான் அடிச்ச களைக்கொல்லி."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "துறையில புல்லுக்கு அடிக்க வெச்சிருந்தாங்க. ஒரு கேன்ல கொஞ்சம் கொண்டுவந்தேன். நீ முட்டியக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனியே, அன்னைக்கு. குனிஞ்சு குனிஞ்சு களை எடுத்துட்டு வந்து படுக்க முடியாம முனகறே. வேலியோரம் மட்டும் அடிச்சா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். காத்து அந்தப் பக்கம் அடிச்சிடுச்சு."

"நம்ம பக்கம் சருகு போட்டு மூடினீங்களே…"

"அதுக்குத்தான்."

அந்தச் சருகுக்காக நான் அவரைப் பாராட்டியிருக்கிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்காக அவராக யோசித்துச் செய்த ஒரே காரியம் இந்த விஷம்தான். அடிக்கவும் தோன்றியது, அழவும் வந்தது.

"அண்ணி பாத்துட்டு ஓடிவந்தாங்க" என்றார். "அவங்க பக்கத்துல ரெண்டு வரிசைய அன்னைக்கே பிடுங்கிட்டாங்க. வேலியோரம் இருந்த நம்ம தக்காளியையும் பிடுங்கச் சொன்னாங்க. ஒரு காய்கூட ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதுன்னு நின்னு பாத்தாங்க."

"நத்தை தின்னுடுச்சுன்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்ல?"

"ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"அண்ணிதான் சொல்ல வேணாம்னாங்க. உனக்குத் தெரிஞ்சா கூட்டத்துல நீயே எந்திரிச்சு சொல்லிடுவே, உன் போர்டு போயிடும்னாங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அவளைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் காளான்காரர் வெந்நீரை நம்பியிருப்பார், டீச்சரும் விட்டிருப்பார். எனக்காக ஒருத்தி வராத பொய்யைச் சொல்லப் பாடுபட்டிருக்கிறாள். அந்தப் பொய்யின் கழுத்தை நானே நெரித்தேன்.

அதற்குள் என் மனசு அவருக்குச் சாக்குத் தேட ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம்தானே, வேலியோரம்தானே, எனக்காகத்தானே. ஒருமணி நேரத்துக்கு முன்னால் அதே புல்லைக் காட்டி எழுதிக்கோங்க டீச்சர் என்றவள் நான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"நாளைக்கு நீயும் வெந்நீர்தான்னு சொல்லிடு" என்றார் அவர். "அண்ணி போர்டும் போகாது, நம்ம போர்டும் போகாது."

சரி என்றேன். மனசார ஒத்துக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஏழு பேரும் உட்கார்ந்தோம். மேஜைகளை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். பினாயில் வாசனை அடித்தது. சமையல் மாஸ்டர் தோளில் துண்டோடு கதவருகே நின்றார். எங்கள் கூட்டத்துக்கு அவரும் வருவார், வாங்குகிறவர் அவர்தானே. அவள் எனக்கு எதிர் வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் நோட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யோசிச்சுப் பாத்தேன் டீச்சர்" என்றேன். "வெந்நீராத்தான் இருக்கும்."

"அதானே" என்றார் காளான்காரர், பெருமூச்சு விட்டு.

"நேத்து அப்படிச் சொல்லலியே நீ?" என்றார் டீச்சர். மாஸ்டர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா மண்ண எடுத்து சோதனைக்கு அனுப்பலாம்."

"எனக்கெதுக்குங்க சோதனை?" என்றார் மாஸ்டர். "படகுக் காயோட ஒரு காகிதம் வரும். முத்திரையெல்லாம் இருக்கும். யாரு போட்டது, யாரக் கேக்கறதுன்னு தெரியாது. உங்கள்ல யாரையாவது கேக்கணும்னா நான் தெருவுல நின்னு கூப்பிட்டா போதும். மாடியில பிரசவமானவங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க தட்டுல உங்க காயத்தான் வெக்கிறேன். நீங்க மூணு பேரும் பாத்தாச்சுன்னா எனக்கு அது போதும்."

டீச்சர் கையெழுத்துப் போட்டார். காளான்காரர் போட்டார். காகிதம் என் முன்னால் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் காகிதத்தைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள், போடு, போட்டுத் தொலை.

பேனாவைத் திறந்தேன். என் கையெழுத்தில் முதல் எழுத்துக்கு ஒரு வளைவு வரும். அந்த வளைவே வரவில்லை. அந்த மனிதர் பாட்டுக்கு என்னை நம்பிவிட்டு நிற்கிறார். இதற்கு அவர் சந்தேகப்பட்டுத் தொலைத்திருக்கலாம். பேனாவை மூடி வைத்தேன்.

"வெந்நீர் இல்ல" என்றேன். "என் வீட்டுல அடிச்ச களைக்கொல்லி. வேலி தாண்டி இவங்க பக்கம் பட்டிருக்கு. இவங்க மேல தப்பே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். துறை, கேன், முட்டி, சருகு.

"அந்தக் காய் இங்க வந்துச்சா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஒண்ணுகூட வரல. எல்லாத்தையும் அன்னைக்கே பிடுங்கிப் போட வெச்சது இவங்கதான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்து அடித்த தோட்டத்துக்கு ஒரு வருஷம் போர்டு கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் பட்ட இடம் மட்டும் ஒரு வருஷம் சும்மா கிடக்கவேண்டும். நாங்களே உட்கார்ந்து எழுதின சட்டம். மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அறுபது வராது" என்றார்.

"நாப்பத்தஞ்சுதான் வரும்" என்றார் டீச்சர்.

"நாப்பத்தஞ்சே கொண்டாங்க. கொறையறதுக்கு நான் மேல பேசிக்கிறேன்." என்னைப் பார்த்தார். "நீங்களா சொல்லலன்னா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேங்க."

என் போர்டை எடுக்க ஏழு பேரும் கை தூக்கவேண்டும். ஒருவர் தூக்காவிட்டாலும் போர்டு அப்படியே இருக்கும். முதல் கை என்னுடையது. டீச்சர் தூக்கினார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். காளான்காரர் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். அவள் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"என்னம்மா?" என்றார் டீச்சர்.

"நான் தூக்க மாட்டேன். அந்த முட்டிய வெச்சுக்கிட்டு விடிஞ்சும் விடியாம அவ களை எடுக்கறத வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தெனம் பாக்கறவ நான். ஒரு வருஷம் அந்தக் காய எங்க கொண்டுபோய் விப்பா? நான் தூக்க மாட்டேன் டீச்சர்."

மாஸ்டர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"டீச்சர், அந்தம்மாகிட்ட…" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். எழுந்தேன். மேஜையைச் சுற்றி அவள் பக்கம் போக என் முட்டிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாரும் கையைத் தூக்கியபடியே காத்திருந்தார்கள்.

"கையத் தூக்குக்கா" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது.

"நீ தூக்கலன்னா நாளைக்கு நம்ம காய யாரு நம்புவா? தூக்குக்கா."

மெதுவாகத் தூக்கினாள். தோள் வரைக்கும் வந்த கை அதற்குமேல் எழும்பவில்லை, அங்கேயே நின்றது. நான் அவள் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்து உயர்த்தினேன். டீச்சர் ஏழு என்று எண்ணி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.